முட்டிக்குள் இருந்தது

என் வலது முழங்காலில் உட்பக்கமாக ஒரு தழும்பு இருக்கிறது. ஒரு விரல் நீளம். வேட்டியை மடித்துக் கட்டினால் தெரியும். யாராவது கேட்டால், கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஓட்டும்போது விழுந்த அடி என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. விழுந்தது அங்கேதான். ஆனால் தழும்பு டாக்டரின் கத்தி போட்டது. அந்தக் கத்திக்குக் காலைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் எனக்குப் புத்தி சரியில்லாமல் இருந்தது. வெளியே தெரிந்தால் இந்த வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள், இங்கே யார் பெண் எடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் என் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். இப்போது கல்யாணம் ஆகவேண்டியவர்கள் யாரும் வீட்டில் மிச்சமில்லை. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். நாமக்கல்லுக்கு மேற்கே, திருச்செங்கோட்டுச் சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே எங்கள் தோட்டம். அண்ணனும் நானும் பங்கு பிரிக்காமல் சேர்ந்து பண்ணையம் பார்த்தோம். ஒரே கிணறு, ஒரு ஜோடி எருது. கவலை இறைப்பதை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டுக் கிணற்றிலிருந்து சால் மேலே வரும். ஓட்டுகிறவன் கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தன் பாரத்தையும் கொடுக்க வேண்டும். மேலே வந்த சால் வாய்க்காலில் 'சளார்' என்று தண்ணீரைக் கொட்டும். பிறகு எருதுகளைப் பின்பக்கமாகவே நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மறுபடியும் இறக்கம், மறுபடியும் சளார். விடிந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும் இதுதான் வேலை.

மாசி மாதத்தில் ஒரு காலையில் நான் கயிற்றின்மேல் உட்கார்ந்திருந்தபோது அது அறுந்தது. எருதுகள் முன்னால் தடுமாறி ஓடின. நான் தூக்கி எறியப்பட்டுச் சரிவின் ஓரத்தில் பதித்திருந்த கல்லில் முட்டி இடிக்க விழுந்தேன். சால் கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் சாகவில்லை. எருதுகளுக்குக் கீறல்கூட இல்லை. ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்த புல்லைக் கடித்தது.

கட்டு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரத்தில் நடந்துவிட்டேன். நடந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு சோறு. களியை உருண்டையாக வாயில் வைத்தால் மண்ணை வைத்தது மாதிரி இருக்கும். எருதுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பேன், கண்ணில் தண்ணீர் கொட்டும். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு சாவு விழுந்திருந்தால், ஒரு பகை வந்திருந்தால் அதைக் காட்டி அழலாம். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு ஆண்பிள்ளை காரணம் இல்லாமல் அழுகிறான் என்பதைவிட வெட்கக்கேடு எங்கள் பக்கத்தில் இல்லை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது தலைவலியா திருகுவலியா என்பதே தெரியவில்லை.

சித்திரையில் அந்தச் சத்தம் வந்தது.

உச்சி வேளை. அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். எருதுகளை அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டியிருந்தது. நான் தோட்டத்துக் குடிசையான சாளைக்குள் கட்டிலில் படுத்திருந்தேன். 'சளார்' என்றது. அண்ணன் அதற்குள் திரும்பி வந்து இறைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'சளார்'. எருதை மேட்டுக்கு ஏற்றி இறக்க எவ்வளவு நேரம் ஆகுமோ சரியாக அவ்வளவு நேரம் இடையில் இருந்தது. நாலாவது தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். எருதுகள் மரத்தடியில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. சால் கவிழ்த்து வைத்தபடி காய்ந்து கிடந்தது. வாய்க்காலில் ஈரமே இல்லை. ஒரு காக்கை வாய்க்காலுக்குள் இறங்கி எதையோ கொத்திக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே என் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் 'சளார்' என்று கேட்டது.

திரும்ப முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் கிணற்றுமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலியில் உயிர் போயிற்று. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டபோதுதான் அது விரலில் பட்டது. தோலுக்கு அடியில், அவரைக்கொட்டை அளவுக்கு, கெட்டியாக ஒன்று. அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போனதும் முட்டி விடுபட்டது. எழுந்து நடந்தேன்.

அதிலிருந்து அது வந்து வந்து போகும். சில நாள் உட்பக்கம், சில நாள் முட்டிச் சில்லுக்கு மேலே. விரலை வைத்தால் ஒரு கணம் இருக்கும், பிறகு ஒளிந்துகொள்ளும். எனக்கு மட்டும்தான் அகப்படும்.

என் வீட்டுக்காரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவளுக்குப் பொய் சொல்ல வராது. பழைய சோற்றைச் சுடுசோறு என்று விருந்தாளியிடம் சொல்லக்கூடத் தெரியாதவள். அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளைக் கூப்பிட்டு முட்டியைக் காட்டினேன். உட்கார்ந்து நிதானமாக, மாவு பிசைகிறவள் மாதிரி, சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள்.

"நல்லாப் பாரு. இப்பத்தான் இருந்துது."

மறுபடி பார்த்தாள். அவள் முகம் மாறிற்று. முட்டியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. ஏன் இவளுக்கு ஒரு பொய்யாவது சொல்லத் தெரியக்கூடாது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. சொம்பை எடுத்து எறிந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணனிடம் இரண்டையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். ஆனால் பயந்தவர். பயந்தவர்கள் கோபமாகத்தான் பேசுவார்கள்.

"ஏன்டா தம்பி, முட்டிக்குள்ள என்னமோ ஓடுதுங்கற. ஆளில்லாத கெணத்துல சால் ஊத்துதுங்கற. ரெண்டையும் ஒரே வாயில சொல்லாத சாமி. கேக்கறவன் என்ன நெனப்பான்?"

அவர் சொன்னது என் மனதில் வேறு விதமாக விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எடுத்துக்கொண்டேன். முட்டிக்குள் அது நிஜமாக இருந்தால் சத்தமும் நிஜம், எனக்குப் பைத்தியம் இல்லை. இல்லையென்றால் இரண்டும் பொய், நான் பைத்தியம். இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அதைவிடச் சரியான கணக்கு உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனியில் ஒருநாள் கிணற்று ஓரத்தில் நிற்கும்போது முட்டி பூட்டியது. சரிந்தேன். ஓரத்துக் கல் ஒன்று கையில் அகப்பட்டதால் தப்பினேன். தண்ணீர் கீழே அறுபது அடியில் கறுப்பாகக் கிடந்தது. வீட்டுக்காரி கஞ்சிக் கலயத்தோடு வந்துகொண்டிருந்தாள். கலயத்தை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்து என் முடியைப் பிடித்து இழுத்தாள். தோளைப் பிடித்திருக்கலாம். முடிதான் கைக்கு வந்ததாம். அன்று சாயங்காலம் அண்ணனிடம் போய், "மாமா, இவுங்களச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. முட்டிக்குள்ள இருக்குதோ இல்லியோ, டாக்டரு சொல்லட்டுமுங்க" என்றாள். அவள் அண்ணனிடம் நிமிர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெட்ரோல் கிடைக்காத காலம் அது. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளையை வைத்துக் கரியை எரித்து ஓட்டுவார்கள். கிளம்புவதற்கு அரைமணி முன்னாலிருந்தே ஒருவன் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிப்பான். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சுவாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். சேலம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் இரண்டு பேர் முகமும் அடுப்புக்கரி பூசியது மாதிரி இருந்தது.

அந்த டாக்டர் சேலத்தில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். என் முட்டியை மடக்கினார், நீட்டினார், விரலால் துழாவினார். ரொம்ப நேரம். அது வரவில்லை. ஊரிலிருந்து வரும் வழியெல்லாம் உள்ளே புரண்டுகொண்டே வந்தது, அவர் கை பட்டதும் செத்தது மாதிரி அடங்கிவிட்டது.

"என் கையில படலை" என்றார். "ஆனா நீங்க சொல்றது எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான். அடிபட்ட முட்டியில குருத்தெலும்பு ஒரு துண்டு உடைஞ்சு உள்ளேயே ஓடிட்டிருக்கும். படம் எடுத்தாலும் அது எல்லாருக்கும் தெரியறதில்லை. திறந்து பாத்தாத்தான் நிச்சயம். நாங்க அதை எலின்னு சொல்லுவோம். பிடிக்கப் போனா ஓடிடும் பாருங்க" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் தூங்காமல் நாலு மாதம் கிடந்தவனிடம் சொல்லக்கூடிய விளையாட்டா அது?

திறந்தால் என்ன ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சீழ் பிடிக்கலாம். பிடித்தால் முட்டி மடங்காமல் கட்டையாகிவிடும். ரொம்ப மோசமானால் காலையே எடுக்க வேண்டி வரும். ஒன்றும் செய்யாமல் விட்டால் இப்படியே பூட்டிக்கொண்டிருக்கும், எங்கே எப்போது விழுவேன் என்று சொல்லமுடியாது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தூக்கம் வருதா?"

"இல்லீங்க."

"கிணத்துப் பக்கம் போனா என்ன தோணுது?"

"தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு தோணுமுங்க" என்றேன். குறும்பாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வது என் பழக்கம். அவர் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த வீட்டுக்காரி, "அதையே பாத்துட்டு நிக்கறாங்க டாக்டருங்க. கூப்பிட்டாக் காது கேக்கறதில்லீங்க" என்றாள்.

டாக்டர் என் முட்டியின் மேல் கையை வைத்தார். "முட்டியத் திறக்க எனக்குப் பயமில்லை. உங்க மனசு இப்படி இருக்கும்போது திறக்கத்தான் பயமா இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்லைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? அதுக்கு ஒரு பதில் கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இல்லை. எலிதான் இருந்தது. அதற்கு முன்னால் அது வெறுமனே உருளும். அன்றிலிருந்து அதற்குக் கால் முளைத்துவிட்டது. வேட்டிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பல்லை வைத்து மெதுவாகக் கொறிப்பது கைக்குத் தெரிந்தது.

வீட்டில் சண்டை வந்தது. இருக்கிறதா இல்லையா என்று டாக்டருக்கே தெரியாத ஒன்றுக்காக நல்ல காலை அறுப்பதா என்று அண்ணன் கத்தினார். இது கிணற்றுமேட்டில் பிடித்த காத்துக் கருப்பு, அதற்குக் கத்தி எதற்கு என்றார். வீட்டுக்காரி அறுக்கலாம் என்றாள். நான் இன்றைக்கு அறுக்கலாம் என்பேன், நாளைக்கு வேண்டாம் என்பேன். இருந்தால் என்ற நினைப்பு எவ்வளவு இனித்ததோ, இல்லாவிட்டால் என்ற நினைப்பு அவ்வளவு நடுக்கியது. கடைசியில் அண்ணன், "கருப்பணாரக் கேப்போம். கெடா துளுக்குனாப் போ. துளுக்கலீன்னா இந்தப் பேச்சே கூடாது" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்தில் சாமியிடம் உத்தரவு கேட்கிற முறை அது. கெடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உடம்பை உதறித் துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் கை வைக்கக்கூடாது. காதில் ஊதக்கூடாது. அதட்டக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஆட்டின் மேல் தண்ணீர் பட்டால் உதறாமல் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கூட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சில சமயம் சொட்டச் சொட்ட நனைந்தும் சிலை மாதிரி நிற்கும்.

எங்களுடையது அப்படித்தான் நின்றது.

ஆவணி மாதம். பனந்தோப்புக்குள் குலசாமி கோயில். கூரை இல்லாத கோயில், கல்லில் நட்ட வேல்கள், மண் குதிரை இரண்டு. காலையிலேயே பூசாரி மூன்று தடவை தண்ணீர் ஊற்றிவிட்டார். கறுப்புக் கெடா. மஞ்சள் தண்ணீர் தாடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அது அசையவில்லை. வெயில் ஏறிற்று. "கருப்பணாரே, உன்ற புள்ளைக்கு ஒரு வழியச் சொல்லு" என்று பூசாரி கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் கை கூப்பியபடி நின்றார். பனை ஓலைகள்கூட அசையவில்லை. அந்த வெயிலில் காற்று எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

உச்சி நெருங்கும்போது கவனித்தேன். கெடா என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டின் கண்ணைப் பார்த்திருப்பீர்கள், படுக்கை வாட்டில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு என் வலது முட்டிக்கு நேராக நின்றது. நான் ஒரு அடி நகர்ந்தேன். அதன் தலையும் நகர்ந்தது. நான் மட்டுமா பார்த்தேன், மற்றவர்களும் பார்த்தார்களா என்று தெரியவில்லை. கேட்கப் பயம். என் முட்டிக்குள் இருந்தது எழுந்துகொண்டது. உள்ளே சுற்றி ஒரு தடவை ஓடி, வழக்கமான இடத்தில் வந்து நின்றது. முட்டி பூட்டியது. நான் பொத்தென்று கெடாயின் காலடியில் விழுந்தேன்.

கெடா துளுக்கியது. தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பு சடசடவென்று உதறிற்று. மஞ்சள் தண்ணீர் என் முகமெல்லாம் தெறித்தது.

உடனே தகராறு ஆரம்பித்தது. சாமி சம்மதித்துவிட்டது என்றார்கள் பாதிப் பேர். ஆள் விழுந்த அதிர்ச்சியில் ஆடு மிரண்டது, இது சேராது என்றார் அண்ணன். ஊதினால் சேராது, தொட்டால் சேராது, விழுந்தால் சேருமா என்பதற்கு எங்கள் முன்னோர் யாரும் தீர்ப்புச் சொல்லி வைக்கவில்லை. நான் மண்ணில் கிடந்தேன். என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பூசாரி, "அவனக் கீழ தள்ளுனது யாரு? கருப்பணாருதான். தானே தள்ளித் தானே துளுக்க வெச்சிருக்குது. போங்க, போயி ஆகற வேலையப் பாருங்க" என்றார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

ஒன்றை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். முட்டி பூட்டியது சத்தியம். ஆனால் ஐந்து மாதமாகப் பூட்டுகிற முட்டி அது. பூட்டினால் எப்படி நிற்பது, எதைப் பிடிப்பது என்று எனக்கு அத்துபடி. பக்கத்திலேயே பனைமரம் இருந்தது. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். நான் நீட்டவில்லை. நீட்ட மறந்தேனா, நீட்டாமல் விட்டேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. சாமியை ஏமாற்றினேனா என்பதை அந்தச் சாமிதான் சொல்லவேண்டும். விழுந்து கிடந்தபோது எல்லோரும் கெடாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி மட்டும் அந்தப் பனைமரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

புரட்டாசியில் சேலம் போனோம். டாக்டரின் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறேன் என்றேன். "உள்ள ஒண்ணும் இல்லீன்னா நான் பைத்தியமுன்னு ஒத்துக்கறனுங்க. அப்பறம் இவ சொல்றபடி கேக்கறனுங்க" என்றேன். டாக்டர் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

மூக்கில் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை. எண்ணச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழுக்கு மேல் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. எட்டு என்றேன். 'சளார்' என்றது. ஒன்பது என்றேன். 'சளார்' என்றது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

விழித்தபோது வாந்தி வந்தது. டாக்டர் ஒரு பீங்கான் கிண்ணத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். வெள்ளையாக, வழவழவென்று, அவரைக்கொட்டை அளவில் ஒன்று கிடந்தது. கால் இல்லை, பல் இல்லை. "எலியைப் பிடிச்சாச்சு" என்றார்.

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையாக மாறிற்று. எனக்குப் பைத்தியம் இல்லை, எனக்குப் பைத்தியம் இல்லை என்று கட்டுப் போட வந்த நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரி அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். விரலால் உருட்டினாள். அவள் கண் கலங்கியது. "இருந்திருக்குதுங்களே. நான் இல்லேன்னு சொல்லிப்போட்டனுங்களே" என்று என் கட்டிலில் தலையை வைத்து அழுதாள். என் ஆயுசில் அத்தனை சந்தோஷமாக நான் இருந்த நாள் வேறில்லை.

கருப்பணார் புண்ணியமோ, டாக்டர் கொடுத்த மாத்திரையோ, சீழ் பிடிக்கவில்லை. ஐப்பசி மழையில் வீடு வந்து சேர்ந்தோம். முட்டி முக்கால்வாசி மடங்கியது. தூக்கம் கொஞ்சம் வந்தது. சோறு சோறாக இருந்தது. அந்தத் துண்டைச் சிமிழில் போட்டு வைத்திருந்தேன். உடம்பிலிருந்து எடுத்ததை வீட்டில் வைத்திருப்பது சவத்தை வைத்திருப்பதற்குச் சமம் என்று அண்ணன் முணுமுணுத்தார். ஒருநாள் காலையில் அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. அத்தனை சின்னது விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மார்கழி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. தையில் ஒரு உச்சி வேளை. எருதுகள் மரத்தடியில். சால் கவிழ்த்தபடி. 'சளார்' என்றது.

முட்டியைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டி வேறு, இது வேறு. முட்டிக்குள் துண்டு இருந்தது நிஜம். அதனால் என் மனதுக்கு நோவு இல்லை என்று ஆகிவிடாது. ஒன்றை அறுத்து எடுத்தால் மற்றது தானாகப் போய்விடும் என்று நம்பி ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். இரண்டாவதை எடுத்துக் கிண்ணத்தில் காட்ட எந்த டாக்டராலும் முடியாது. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

அவளிடம் சொன்னேன். டாக்டரிடம் கொடுத்த வாக்கு இருந்ததே. "முட்டி நல்லாப் போச்சு. ஆனாச் சத்தம் போகல" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கிணற்றுப் பக்கம் பார்த்தாள். "எனக்கும் கேக்குதுங்க" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவள் சொல்கிறாள். அன்றிலிருந்து உச்சி வேளையில் நாங்கள் இரண்டு பேரும் சாளை வாசலில் உட்கார்ந்துகொள்வோம். அவள் கடலை உரிப்பாள். சத்தம் வந்தால் நான் தலையைத் தூக்குவேன், அவளும் தூக்குவாள். ஒரு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த தனிமை குறைந்தது. நாளாக ஆக எனக்குச் சத்தம் வருவது அபூர்வமாகிவிட்டது. மாசி பிறந்த பிறகு வரவே இல்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள் எனக்குச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. எனக்கு ஒரு சத்தமும் வராத நேரத்தில், "இப்பக் கேட்டுதா?" என்று கேட்டேன்.

அவள் கடலையிலிருந்து நிமிர்ந்தாள். நேராக என் கண்ணைப் பார்த்தாள். "கேட்டுதுங்க" என்றாள்.

எனக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாளா? அல்லது என்னை விட்டு இறங்கியது அவள்மேல் போய் உட்கார்ந்துகொண்டதா? முன்னது என்றால் அவளுக்கு நான் பட்ட கடன் தீராது. பின்னது என்றால் அதைவிடத் தீராது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். "ஒண்ணுமே இல்லீங்களே" என்று அவள் சொன்ன அன்றைக்கு என் நெஞ்சில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமா, எனக்கும் கேட்டுது" என்றேன்.

பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது. எருதுகளை விற்றோம். சரிவைத் தூர்த்துத் தென்னை வைத்தோம். அவள் இருந்தவரைக்கும் உச்சி வேளையில் எப்போதாவது கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "இப்பங்க" என்பாள். நானும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு ஆமாம் என்பேன். முப்பது வருஷம் அப்படிச் சொன்னேன். ஒரு தடவைகூட எனக்கு எதுவும் கேட்கவில்லை.